ராமேஸ்வரம் கோயிலைக் கட்டடமாகப் பார்ப்பது எப்படி?

கேள்வி இது: "போன முறை ராமேஸ்வரம் போனபோது 22 தீர்த்தமும் ஆடி, துணி மாற்றி, தரிசனம் முடித்து வெளியே வந்துவிட்டோம். பிரகாரத்தைக் கடந்து போனது மட்டும்தான் நினைவில் இருக்கிறது. இந்த முறை கட்டடக்கலையை நிதானமாகப் பார்க்க ஆசை. ஒன்றரை நாள் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. எங்கே நின்று, எதை, எந்த வரிசையில் பார்ப்பது? உத்தரகோசமங்கை, திருப்புல்லாணியையும் சேர்த்துக்கொள்ளலாமா?"

சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. தீர்த்தமாடுவதையும் கோயிலைப் பார்ப்பதையும் ஒரே நுழைவில் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு முறை உள்ளே போங்கள். காலையில் தீர்த்தமும் தரிசனமும், மாலையில் கட்டடம். போன முறை எதுவும் மனதில் நிற்காததற்குக் காரணம் உங்கள் கவனக்குறைவு இல்லை. உடம்பெல்லாம் நனைந்து, ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்குக் கூட்டம் தள்ள, வழுக்கும் தரையில் கால் பார்த்து நடக்கிறவருக்குத் தலைக்கு மேலே இருக்கிற விதானம் எப்படித் தெரியும்?

காலை நேரத்தை இப்படி வகுத்துக்கொள்ளுங்கள். நடை வழக்கமாகக் காலை 5 மணிக்குத் திறக்கும். அந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் ஸ்படிகலிங்க தரிசனம். அது வேண்டுமென்றால் நாலரைக்கெல்லாம் வரிசையில் நின்றுவிட வேண்டும். அது முடிந்ததும் கிழக்கே கடற்கரைக்குப் போய் அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டு, சீட்டு வாங்கி 22 தீர்த்தம். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும். சீட்டை கவுன்டரிலேயே வாங்குங்கள், "நான் சீக்கிரம் கூட்டிப் போகிறேன்" என்று வெளியே கூப்பிடுகிறவர்களிடம் வேண்டாம். கூட்ட நாட்களில் நுழையும் வாசலை மாற்றிவிடுவார்கள், அதையும் கவுன்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். மாற்றுத்துணியை நனையாத பையில் வைத்து, நனையாத ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். உங்கள் அம்மாவுக்கே அந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம். பத்து மணிக்குள் அறைக்குத் திரும்பி, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போடுங்கள். பகல் 1 மணிக்கு நடை சாத்தி 3 மணிக்குத் திறப்பார்கள். மூன்றரைக்கு உலர்ந்த துணியில், கையில் எதுவும் இல்லாமல் திரும்ப வாருங்கள். செல்போனும் கேமராவும் உள்ளே அனுமதி இல்லை, அறையிலேயே விட்டுவிடுவது நல்லது. ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் இருந்தால் போதும். படம் எடுக்க முடியாது என்பதே ஒரு வகையில் வசதிதான். வரைந்து பார்க்கும்போது கண்ணுக்குப் பிடிபடும் விஷயங்கள் படம் பிடிக்கும்போது பிடிபடுவதில்லை.

காலையில் செய்ய வேண்டிய கட்டடக்கலை வேலை ஒன்றே ஒன்றுதான், கிழக்கு ராஜகோபுரத்தைப் பார்ப்பது. காலை வெயில் அதன் முகத்தில் நேராக விழும். அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டுத் திரும்பும்போது கடலுக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள். ஒன்பது நிலை, 126 அடி. நிலைகளை எண்ண வேண்டுமானால் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் திறப்புகளை மட்டும் எண்ண வேண்டும், ஓரத்தில் எண்ணினால் குழம்பிவிடும். மதுரைக் கோபுரங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வெறிச்சென்று தோன்றலாம். சுதையில், அதாவது சுண்ணாம்புக் கலவையில், செய்த பொம்மைகள் இங்கே மிகக் குறைவு. ஆனால் கோபுரம் என்பது எப்படிக் கட்டப்படுகிறது என்று படிக்க நினைக்கிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. மதுரையில் பொம்மைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சாலை (வண்டிக்கூரை போன்ற சிறு கட்டட வடிவம்), கூடு (வளைவான சிறு மாட வடிவம்), சிறு தூண் வரிசை, கொடுங்கை (வளைந்து நீளும் கூரை விளிம்பு) எல்லாம் இங்கே வெட்டவெளிச்சமாகத் தெரியும். ஒவ்வொரு நிலையும் கீழ்நிலையின் சுருக்கப் பிரதி என்பதைக் கண்ணாலேயே சரிபார்க்கலாம்.

கோபுரத்தின் அடிப்பகுதி கல், மேலே செங்கலும் சுண்ணாம்பும். தமிழ்நாட்டில் பெரும்பாலான பெரிய கோபுரங்களுக்கும் இதே முறைதான். உயரம் கூடக் கூட எடையைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும், அதற்குச் செங்கல்தான் சரி. மணல் தீவில் இந்தச் சிக்கனம் இன்னும் அவசியம். கிழக்குக் கோபுரத்தின் வேலை 17ஆம் நூற்றாண்டில், ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்கள் காலத்தில் தொடங்கி இடையில் நின்றுபோய், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தேவகோட்டை நகரத்தார் குடும்பத்தின் திருப்பணியில் முடிந்தது. மேற்குக் கோபுரம் 78 அடி, ஐந்து நிலை. அதை மாலை வெயிலில் பாருங்கள்.

இனி மாலை. உள்ளே போவதற்கு முன் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்திலும் மதுரைப் புதுமண்டபத்திலும் பார்ப்பதுபோல ஒரு தூணின் முன்னால் நின்று "ஆகா, இந்தச் சிற்பம்!" என்று வியக்கும் கோயில் இது இல்லை. அப்படித் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இங்கே தனித்தூண் பெரிதில்லை. அதே தூண் அறுநூறு அடிக்கு மேல், அளவு பிசகாமல், திரும்பத் திரும்ப வருவதுதான் பெரிது. இரண்டாவது, இந்தக் கோயிலில் வெளியிலிருந்து உள்ளே போகப் போகக் காலம் பின்னோக்கிப் போகும். வெளியே இருக்கும் மூன்றாம் பிரகாரம் 18ஆம் நூற்றாண்டு. இரண்டாம் பிரகாரம் 17ஆம் நூற்றாண்டில் திருமலை சேதுபதி (1645–1676) செய்தது. கருவறைத் திருப்பணியை 12ஆம் நூற்றாண்டின் இலங்கை மன்னன் பராக்கிரமபாகுவோடு இணைத்துச் சொல்வது வழக்கம். கோயிலின் பழமை அதற்கும் முந்தியது. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம், பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் பதினான்கில் ஒன்று. அவர்கள் பாடியபோது இந்தப் பிரகாரங்களில் எதுவுமே இல்லை.

மூன்றாம் பிரகாரத்தின் வெளியளவு கிழக்கு மேற்காகச் சுமார் 690 அடி, தெற்கு வடக்காகச் சுமார் 435 அடி. உயரம் 22 அடிக்குச் சற்று மேல். தூண்கள் 1212. (மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பது 985.) ஒரு சுற்று ஏறக்குறைய முக்கால் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா நடந்தால் பத்து நிமிடம், பார்த்து நடந்தால் ஒன்றரை மணி நேரம்.

கிழக்கே நுழைந்து, சுவாமி வலப்பக்கம் இருக்கும்படி இடப்புறம் திரும்புங்கள். தென்கிழக்கு மூலைக்கு வந்ததும் மேற்கு நோக்கி, பாதையின் நட்டநடுவில் நில்லுங்கள். கிழக்குப் பக்கத்தில் வாசல்களும் முன்மண்டபங்களும் இடையில் புகுந்து நீளத்தை வெட்டிவிடும். தெற்கும் வடக்கும்தான் முழு நீளமாகக் கிடைக்கும். இங்கே ஐந்து நிமிடம் நின்று மூன்று விஷயங்களைச் செய்து பாருங்கள்.

முதலில் மேடையின் விளிம்பைப் பாருங்கள். தூண்கள் தரையிலிருந்து எழும்பவில்லை. இரண்டு பக்கமும் சுமார் ஐந்து அடி உயர மேடை தொடர்ச்சியாக ஓடுகிறது, அதன்மேல்தான் தூண்கள் நிற்கின்றன. ஐந்து அடி என்பது கிட்டத்தட்ட நம் கண்மட்டம். நீளமாக ஓடும் கோடுகளில் கண்மட்டத்துக்குக் கீழே உள்ளவை தூரத்தில் மேலேறுவதாகவும், மேலே உள்ளவை கீழிறங்குவதாகவும் தெரியும், கண்மட்டத்தில் இருக்கும் கோடு மட்டும் ஏறாமல் இறங்காமல் மட்டமாக ஓடும். மேடை விளிம்பு அந்தக் கோடு. தரை எழும்பி வந்து அதில் சேர்கிறது, விதானம் தாழ்ந்து வந்து அதில் சேர்கிறது. பிரகாரம் முடிவில்லாமல் போவதுபோன்ற உணர்வுக்கு நீளம் மட்டும் காரணமில்லை, இந்த மேடையும் ஒரு காரணம். சந்தேகம் இருந்தால் உட்கார்ந்து பாருங்கள். விளிம்பு தலைக்கு மேலே போனதும் அந்த உணர்வு பாதியாகிவிடும். குழந்தைகளுக்கு இந்தப் பிரகாரம் வேறு மாதிரி தெரிவதும் இதனால்தான்.

அடுத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு மூன்று நான்கு அடி நகருங்கள். ஒரு பக்கத்துத் தூண்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுவராக மூடிக்கொள்ளும், எதிர்ப்பக்கம் விரிந்து இடைவெளிகள் தெரியும். அதுவரை நடைபாதையாக இருந்த இடம் மண்டபமாகிவிடும்.

மூன்றாவதாக, விதானம். வட்டங்களும் தாமரைகளுமாக வண்ணம் தீட்டியிருப்பார்கள். நடந்துகொண்டே அண்ணாந்து பார்க்காதீர்கள். தீர்த்தமாடி வருகிறவர்களிடமிருந்து சொட்டிய நீர் மாலையிலும் அங்கங்கே நிற்கும், கல்தரை வழுக்கும். நின்று பாருங்கள், பிறகு நடங்கள். விளக்குகள் எல்லாம் ஏற்றிய பிறகு, ஆறரை மணிக்கு மேல், விதானத்தின் வண்ணம் நன்றாக எழும்பும்.

இனி ஒரு தூணைத் தேர்ந்தெடுத்துக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். எல்லாத் தூண்களையும் பார்க்க முயல்வது வீண். ஒன்றை முழுசாகப் படித்தால் மற்றவை தானாகப் புரியும். அடியில் சதுரம். சதுரத்தின் மேல்மூலைகளில் படமெடுத்த பாம்புபோல ஒரு வளைவு இருந்தால் அது நாகபந்தம். சதுரம் பல பக்கங்கள் கொண்ட பட்டைத்தூணாக மாறும் இடத்தில் மூலை வெறுமையாகத் தெரியாமலிருக்கச் செய்த அலங்காரம் அது. பிற்காலக் கோயில்களில்தான் தவறாமல் காணலாம், பல்லவர் தூணில் கிடைக்காது. அதற்கு மேல் பட்டைகளும் கட்டுகளும் மாறிமாறி வரும். உச்சியில் பலகை, பலகைமேல் போதிகை, போதிகைமேல் உத்திரம், அதன்மேல் விதானக் கல்.

இதில் உயிரான உறுப்பு போதிகை. தூணிலிருந்து பாதையை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் கை அது. முனையில் பூமொட்டு தொங்குவதால் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம், உண்மையில் மொத்தக் கூரையையும் தாங்குகிற வித்தை அங்கேதான் இருக்கிறது. கல் அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. இரண்டு பக்கமும் தாங்கி நடுவில் பாரம் ஏறும் கல், அடிப்புறத்தில் நடுவிலிருந்துதான் விரியத் தொடங்கும். பாதை 17 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பலகைக்கல்லால் மூடினால் முறிந்துவிடும். இரண்டு பக்கமும் போதிகைகள் மூன்று மூன்று அடி முன்னே நீண்டால் நடுவில் மிச்சம் 11 அடிதான். கல்லை முறிக்கப் பார்க்கும் வளைவு, இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது. 17ஐ 11ஆகக் குறைத்தால் அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. படிப்படியாக முன்னே வரும் இந்தக் கைகள் இல்லாவிட்டால் இவ்வளவு அகலமான பாதையை இரும்போ மரமோ இல்லாமல் கல்லால் மூடியிருக்க முடியாது. விதானக் கல்லில் எங்காவது விரிசலோ பிற்காலத்து முட்டுக்கொடுப்போ கண்ணில் பட்டால் அது எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் நடுப்பகுதியில்தான் இருக்கும்.

காலத்தைக் கணிக்கவும் போதிகைதான் உதவும். சோழர் காலத்தின் பழைய போதிகைகள் வளைந்தோ வெட்டியோ எளிமையாக இருக்கும். பூமொட்டு கீழே தொங்கத் தொடங்கினால் பிற்காலம், அதுவும் நீண்டு முழுப்பூவாகத் தொங்கினால் நாயக்கர், சேதுபதி காலம். மூன்றாம் பிரகாரத்திலிருந்து உள்ளே போகும்போது இதை ஒப்பிட்டுக்கொண்டே போங்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். திருப்பணிகளில் பழைய கல் புதிய இடத்துக்கும் புதிய கல் பழைய இடத்துக்கும் போவது உண்டு. ஒரே ஒரு தூணை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள், வரிசையைப் பாருங்கள்.

மேற்குப் பக்கத்துக்கு வந்ததும் சொக்கட்டான் மண்டபத்தைத் தவறவிடாதீர்கள். மேற்குக் கோபுரத்திலிருந்து சேதுமாதவர் சன்னதிக்குப் போகும் வழியும் மூன்றாம் பிரகாரமும் ஒன்றையொன்று வெட்டும் இடம். கூட்டல் குறிபோல நான்கு பக்கமும் பாதை விரிவதால் சொக்கட்டான் ஆடும் கட்டத்தின் பெயர் வந்தது. இதுவரை ஒரே திசையில் இழுத்துக்கொண்டு போன கண்ணுக்கு முதல்முறையாக ஓர் இளைப்பாறல் கிடைக்கிறது. வாசல் பக்கத்திலிருந்து வரும் பகல் வெளிச்சமும் சேர்ந்துகொள்ளும். அம்மாவை உட்காரவைக்கவும் ஏற்ற இடம் இந்த மேற்குப் பக்கம்தான், கிழக்கைவிடக் கூட்டம் குறைவு.

மேற்குப் பக்கத்திலேயே இந்தப் பிரகாரத்தைக் கட்டி முடித்த முத்துராமலிங்க சேதுபதியின் சிலையும், அவருடைய அமைச்சர்கள் இருவரின் சிலைகளும் உண்டு. இந்தச் சிலையின் முன் கொஞ்சம் நிற்கலாம். ஆங்கிலேயர்கள் 1795இல் அவரை ஆட்சியிலிருந்து இறக்கிச் சிறைவைத்தார்கள். 1809இல் காவலிலேயே இறந்தார். உலகம் வியக்கும் பிரகாரத்தைக் கட்டியவருக்கு அதில் கடைசியாக ஒரு சுற்று வரக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

இந்த இடத்தில் கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கோயிலின் உண்மையான சாதனை அதுதான். ராமேஸ்வரம் தீவில் தூணுக்கு ஆகும் கல் கிடையாது. தோண்டினால் மணல், அதற்குக் கீழே பவளப்பாறை, கடற்சுண்ணாம்பு. 1914இல் ரயில் பாலம் திறக்கும்வரை பொருள் எதுவும் தோணியில்தான் வந்தாக வேண்டும். கருங்கல் ஒரு கன அடி சுமார் 75 கிலோ. இரண்டுக்கு இரண்டு அடி, பத்தடி உயரத்தில் ஒரு கல்லைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டால் 40 கன அடி, மூன்று டன். அதைப் பெருநிலத்தில் வெட்டி, மாட்டுவண்டியில் கரைக்குக் கொண்டுவந்து, தோணியில் ஏற்றி, பாம்பன் நீரோட்டத்தில் கடத்தி, மணலில் இறக்கி, கோயில்வரை உருட்ட வேண்டும். இதை 1212 தூண்களுக்கும், மேடைக்கும், விதானத்துக்கும் செய்திருக்கிறார்கள். மலைக்குப் பக்கத்தில் கோயில் கட்டுவது வேறு, இது வேறு.

இந்தத் தீவின் சொந்தக் கல் எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவர்களைப் பாருங்கள். பவளக்கல். பூச்சு உதிர்ந்த இடங்களில் துளைதுளையாக, பவளத்தின் இழையோடு நிற்கும். சுவர் எழுப்ப ஆகும், பத்தடிக்கு மெல்லிய தூண் செதுக்க ஆகாது.

உள்ளே சுவாமி சன்னதிக்கு எதிரே இருக்கும் நந்தியும் இந்தக் கல் கதையின் தொடர்ச்சிதான். 22 அடி நீளம், 12 அடி அகலம், 17 அடி உயரம் என்று சொல்வார்கள். இது கல் நந்தி இல்லை, சுதை. தஞ்சாவூர் நந்தி ஒரே கல். இந்த அளவில் ஒரே கல்லைத் தோணியில் ஏற்றுவது நடக்காத காரியம், ஆனால் சுண்ணாம்பு இந்தக் கரையின் சொந்தப் பொருள். கிளிஞ்சலையும் பவளக்கல்லையும் சுட்டுச் சுண்ணாம்பாக்கியது இந்தப் பகுதியின் பழைய தொழில். இன்று பவளத்தைத் தொடவே சட்டம் இடம் தராது, அது நல்லதுதான். நந்தியின் வழவழப்பையும் தூணின் கூர்மையான விளிம்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உளி வெட்டி எடுத்தது ஒன்று, கரணை அப்பி ஏற்றியது இன்னொன்று.

இந்தக் கோயிலின் இரண்டு லிங்கங்கள் பற்றிய மரபு உங்களுக்குத் தெரிந்திருக்கும். சீதை மணலால் பிடித்த ராமலிங்கம், அனுமன் கயிலையிலிருந்து கொண்டுவந்த விசுவலிங்கம். முதல் பூசை விசுவலிங்கத்துக்கு. கட்டட அமைப்பிலும் இது பதிந்திருக்கிறது. ராமநாதருக்கு வடபுறம் விசுவநாதருக்குத் தனிச் சன்னதி, வலப்பக்கம் பர்வதவர்த்தினி அம்மன். அம்மன் சன்னதி சுவாமிக்கு வலப்பக்கத்தில் இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை என்றால் அம்மன் தங்கப் பல்லக்கில் மூன்றாம் பிரகாரத்தில் வலம் வருவதைப் பார்க்கலாம். இந்தப் பாதை ஏன் இவ்வளவு அகலமும் உயரமும் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் இல்லை. இது பல்லக்கும் குடையும் மேளமும் போவதற்காகக் கட்டிய வீதி.

கல் கெட்டுப்போவதையும் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கும். ஈரம் காயும்போது உப்பு உள்ளேயே படிகமாகி, விரிந்து, மேல்தோலைத் தள்ளும். கல் பொடிப்பொடியாக, பொருக்குப் பொருக்காக உதிரும். தரையிலிருந்து ஈரம் ஏறும் அடிப்பகுதியில்தான் இது முதலில் தெரியும், அதனால் சுவரின் கீழ் மூன்றடியைக் கவனியுங்கள். சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அது மூச்சு விடும், உப்பு பூச்சில் வந்து உதிரும், பூச்சை மாற்றினால் போதும், கல் தப்பிக்கும். சிமென்ட் வைத்தாலும் எண்ணெய் பெயின்ட் அடித்தாலும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள்ளேயே உப்பு கட்டும். மேலே பளபளவென்று இருக்கும் தூண் உள்ளே அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கலாம். பெயின்ட் அடுக்கடுக்காக ஏறி யாளியின் பல்லும் பூவின் இதழும் மழுங்கிப்போன இடங்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கும். அழகு செய்வதாக நினைத்துச் செதுக்கலை மூடிவிடுகிறோம். எந்தக் கோயிலிலும் தூணில் திருநீறும் குங்குமமும் தடவாதீர்கள், எண்ணெய்க் கையை வைக்காதீர்கள். நம்மால் முடிந்த பராமரிப்பு அது.

கிணறுகளைப் பற்றி ஒரு வார்த்தை. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் ஒவ்வொரு தீர்த்தமும் ஒவ்வொரு ருசியில் எப்படி நல்ல தண்ணீராக இருக்கிறது என்று கேட்பார்கள். மணல் தீவில் மழைநீர் கீழே இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கும். நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி இருந்தால் கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. ஆழம் அதிகமாகத் தோண்டினாலும் அளவுக்கு மீறி இறைத்தாலும் உப்பு மேலே வந்துவிடும். அதனால்தான் ஆழம் குறைந்த, பல கிணறுகள். ஒன்றே ஆழமாகத் தோண்டியிருந்தால் உப்புக்கிணறாகியிருக்கும். கிணற்று விளிம்பில் நின்று யாத்திரைப் பணியாளர்கள் கயிற்று வாளியை வீசி, நிறைத்து, ஒரே இழுப்பில் மேலே கொண்டுவந்து தலையில் கவிழ்ப்பதைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். வாளி கவிழ்ந்து விழும் அந்தக் கோணம் பழக்கத்தில் மட்டுமே வரும்.

உங்கள் அம்மாவுக்கு 22 தீர்த்தமும் வேண்டாம். கிணற்றுக்குக் கிணறு படி, ஈரம், நெரிசல். கடற்கரையில் கால் நனைத்து, கோடி தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும், அப்படிச் செய்கிற பெரியவர்கள் நிறையப் பேர். மாலையில் முழுச்சுற்று நடக்கவைக்காதீர்கள். தெற்குப் பிரகாரத்தின் ஒரு மூலை, சொக்கட்டான் மண்டபம், நந்தி என்று மூன்று நிறுத்தங்கள் போதும். வெறுங்காலுக்கு வெளிவீதிக் கல் பதினொரு மணிக்கு மேல் சுடும், மாலையில் அந்தத் தொல்லை இல்லை. எந்தத் திட்டமும் ஆடி, தை, மகாளய அமாவாசைகளிலும் சிவராத்திரியிலும் பலிக்காது. அந்த நாட்களில் தரிசனத்துக்கு மட்டும் போங்கள்.

இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்குப் புறப்படுங்கள். ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். பாம்பன் சாலைப் பாலத்தைக் கடக்கும்போது பக்கத்தில் 2025இல் திறந்த புதிய ரயில் பாலம் தெரியும், அங்கே வண்டியை நிறுத்தி நேரத்தை விடாதீர்கள். கிராமத்துக் கோயில்கள் பகலில் சாத்திவிடும் என்பதால் இரண்டையும் பதினொன்றரைக்குள் முடித்தாக வேண்டும்.

முதலில் திருப்புல்லாணி. ஆதிஜெகந்நாதப் பெருமாள், திருமங்கையாழ்வார் பாடிய திவ்யதேசம். பார்க்க வேண்டியது தர்ப்பசயன ராமர், கடல் வழிவிடக் காத்துப் புல்லின்மேல் படுத்த கோலம், சீதை உடனில்லை. பெருமாள் கோயில்களில் படுத்த கோலத்தைப் பார்த்த கண்ணுக்கு, புல்லணைமேல் படுத்த ராமர் புதிதாக இருக்கும். அரசமரத்தடியில் நாகக்கற்கள், எதிரே பெரிய சக்கரதீர்த்தக் குளம்.

அடுத்து உத்தரகோசமங்கை. மங்களநாதர், மங்களேஸ்வரி. மாணிக்கவாசகர் திருப்பொன்னூசல் பாடிய தலம், தாழம்பூவைச் சிவனுக்குச் சாத்தும் அபூர்வ வழக்கம் உள்ள கோயில். மரகத நடராஜரைப் பச்சையாகப் பார்க்கலாம் என்று நம்பி வந்து ஏமாறுகிறவர்கள் அதிகம். ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில்தான் இருப்பார், மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் காப்பு களைவார்கள், அன்று கூட்டம் கடல். சாதாரண நாளில் சந்தனத் திருமேனிதான் என்று தெரிந்தே போங்கள். கட்டடக்கலைக்காகப் போகிறவர் அங்கே தேட வேண்டியது கல் யாளி. அதன் வாய்க்குள் ஒரு கல் உருண்டை, விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. தனியாகச் செய்து உள்ளே போட்டதில்லை. தலை, பல், உருண்டை எல்லாம் ஒரே கல். பல்வரிசை இடைவெளி வழியாக உளியைச் செலுத்தி, உருண்டையைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து, கடைசியில் ஒட்டியிருக்கும் காம்பைத் துண்டித்திருக்கிறார்கள். அந்தக் கடைசித் தட்டில் பல் உடைந்தால் மொத்த வேலையும் போச்சு. ராமேஸ்வரத்தில் நீளத்தைப் பார்த்த மறுநாள் இந்த உள்ளங்கை அளவு வேலையைப் பார்ப்பது நல்ல பொருத்தம்.

மிச்ச நேரத்தில் ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசம். அரசுத் தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது, விடுமுறை நாளை முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள். சுவரிலும் விதானத்திலும் முத்து விஜய ரகுநாத சேதுபதி (1710–1725) காலத்து ஓவியங்கள். போர், ராமாயணம், பாகவதம், அந்தப்புரம், மதுரை நாயக்கர் சேதுபதிக்கு ரத்தினாபிஷேகம் செய்யும் காட்சி எல்லாம் உண்டு. பிரகாரத்தைக் கட்டிய பரம்பரை தன்னை எப்படிப் பார்த்துக்கொண்டது என்பதற்கு இந்த ஓவியங்கள் சாட்சி. நுழைந்ததும் சுவருக்குப் போய்விடாமல் முதலில் தூண்களையும் போதிகைகளையும் பாருங்கள். முந்தின நாள் படித்த உறுப்புகளில் எவை இங்கேயும் இருக்கின்றன, எவை மாறியிருக்கின்றன என்று நோட்டில் குறித்துக்கொண்டு அப்புறம் ஓவியத்துக்குப் போங்கள். வெளிச்சம் மங்கலாக இருக்கும், கண் பழகப் பத்து நிமிடம் பிடிக்கும்.